நாளைக்காரன் துருப்பிடித்த கோடை

நம் வயதுக்காரர்களில் கொஞ்சம் பேருக்காவது அவனைத் தெரிந்திருக்கும். இரும்பு உடம்பு, நெற்றிக்கு நடுவில் ஒற்றை விளக்கு, மார்பில் ஒரு சக்கரம். சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினால் நேற்றைக்குப் போவான், வலப்பக்கம் திருப்பினால் நாளைக்கு. மனிதர்களைத் தான் அடிமையாக்கி ஆண்டுகொண்டிருக்கும் ஏதோ ஓர் எதிர்காலத்திலிருந்து கிளம்பி வந்து, சிறகு முளைத்த நம் கதாநாயகனோடு மல்லுக்கட்டுவான். தோற்றுப்போனால் வெட்கப்பட மாட்டான். முந்தின நாளுக்குப் போய், தான் தோற்ற காரணத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடியும் வந்து நிற்பான். சித்திரக்கதைகளில் எத்தனையோ வில்லன்களைப் பார்த்தாகிவிட்டது. இப்படியொரு அழும்புக்காரனை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

போன மாதம் என் மருமகன் அந்தக் கதையின் மறுபதிப்பை வாங்கி வந்தார். பளபளவென்று கெட்டித் தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். நம் காலத்துப் பழுப்புத் தாளின் வாசனை மட்டும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் படித்தேன். அதில் அவன் பனிமலையில் ஒரு பிளவுக்குள் விழுந்து உறைந்து போகிறான். நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள், நான் தகராறு செய்ய வரவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அவன் அப்படிச் சாகவில்லை. மரக்காணம் உப்பளத்தில், உப்புநீர்ப் பாத்திக்குள் விழுந்து, துருப்பிடித்துச் செத்தான். அதை என் காதால் கேட்டேன், ஒரு லாரிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு.

எங்கள் ஊரில் கோடை என்றால் உப்பு. பள்ளிக்கூடம் மூடிய அன்றே பிள்ளைகள் எல்லோரும் அளத்துக்குப் போய்விடுவோம். அப்பா கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். விடிவதற்கு முன்னால் அவர் பலகையைப் பிடித்து உப்பை வாரி ஒதுக்க, அம்மாவும் அக்காவும் கூடையில் அள்ளிக் கரைமேல் கொட்டுவார்கள். கொட்டக் கொட்ட அது அம்பாரமாக உயரும். வெயில் ஏறிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. கண்ணை மூடினாலும் இமைக்கு உள்ளே அந்த வெள்ளை போகாது. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், உப்பு அதைத் தேடிப்பிடித்து உட்கார்ந்துகொள்ளும். மரம் என்ற ஒன்றே கிடையாது. நிழல் வேண்டுமென்றால் லாரி வர வேண்டும். உப்பு ஏற்ற வரும் லாரிக்கு அடியில், நான்கு டயர்களுக்கு நடுவே, டீசல் நெடியும் சூடான ரப்பர் நெடியும் கலந்த அந்த நிழலைப் போல சுகமான இடத்தை அதற்குப் பிறகு எந்த ஏசி அறையிலும் நான் அனுபவித்ததில்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். அக்கா எட்டாவது முடித்திருந்தாள். ஒன்பதாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, அளத்திலேயே நிறுத்திக்கொள்வதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அவளுக்குப் படிக்க வேண்டும் என்று உயிர். ஆனால் வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னது ஊருக்கே தெரிந்துவிட்டது.

"வகுப்புல சொல்றத ஒரு வாட்டி கேட்டா அப்பிடியே ஒப்பிக்கறா. புஸ்தகத்த பாத்து படின்னா தல வலிக்குதுன்னு அழுவறா. படிப்புல நாட்டம் இல்லீங்க இவளுக்கு."

அந்தத் தலைவலிக்கு எங்கள் வீட்டில் கள்ளத் தலைவலி என்று பெயர். நானும் அப்படித்தான் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வேன். கண்ணில் கோளாறு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றவும் வழியில்லை. பாண்டி ரோட்டு வளைவில் லாரி திரும்பும்போதே அது யாருடைய லாரி என்று அவள் சொல்லிவிடுவாள். கழிவெளி ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கும் நாரைகளில் எது நொண்டுகிறது என்பாள். கழுகுக் கண் என்று அப்பாவே ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஏதாவது ஒரு புஸ்தகத்த நாலு பேருக்கு முன்னாடி பாத்து படிச்சு காட்டட்டும். சேத்துடறேன். இல்லன்னா பேசாம கூடைய தூக்கட்டும்."

அக்கா சரி என்று தலையாட்டினாள். அவள் முகம் வெளுத்துப் போனதை அப்போது நான் பயம் என்று நினைக்கவில்லை, பசி என்று நினைத்தேன்.

எங்கள் உப்பை ஏற்ற வரும் டிரைவர் கூனிமேட்டுக்காரர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மெட்ராசில் உப்பை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பழைய புத்தகக் கடையில் காமிக்ஸ் வாங்கி வருவார். தாடி நரைக்க ஆரம்பித்த மனுஷர், சீட்டுக்கு அடியில் பீடிக்கட்டு, கொய்யாப்பழம், காமிக்ஸ். லோடு ஏறி முடியும் வரை கேபினில் சாய்ந்துகொண்டு படிப்பார். ஒருநாள் படித்ததை உள்ளே வைத்துக்கொள்ள முடியாமல், லாரியில் சாய்த்த பலகைமேல் கூடையோடு ஏறி வரும் பெண்களிடம் சொல்லிவிட்டார். அந்த இரும்பு ஆள் கதையின் முதல் பாகம். சிறகுக்காரன் ஜெயித்த நேரத்தில் இவன் நேற்றைக்குப் போய்விட்டான் என்று முடிந்தது. அன்று முதல் பெண்கள் அவனுக்கு நாளைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் பெரியம்மாவுக்குத்தான் அவனைக் கண்டாலே ஆகாது. "நாளைக்கு மழ வரும்னு தெரிஞ்சா நேத்தே ஓலய போட்டு மூடிட்டு கம்முனு படுக்க வேண்டியதுதானே. இவனுக்கு எதுக்கு சண்ட?"

அடுத்த நடை பாய் இரண்டாம் பாகத்தோடு வந்தார். வந்த இடத்தில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, பஞ்சரான டயரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கதை இல்லாமல் லோடு ஏற்ற முடியாது என்று நின்றுவிட்டார்கள். பாய் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஏம்மா, நீ எட்டாவது படிச்ச பொண்ணுதானே? இந்தா, மேல ஏறி குந்திக்கினு படிச்சு சொல்லு."

அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். மீசையைத் தடவிக்கொண்டே, "படி" என்றார்.

அக்கா கேபினுக்கு மேலே ஏறினாள். பாயின் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டாள். நான் எனக்குரிய இடத்தில், லாரிக்கு அடியில் இருந்தேன். மேலே தாள் புரளும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் பார்க்கிறார்கள், அப்பா பார்க்கிறார். நீண்ட நேரத்துக்குப் பிறகு அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"நாளைக்காரன் வந்து நிக்கறான். சுத்தி எங்க பாத்தாலும் வெள்ளையா இருக்குது. அம்பாரம் அம்பாரமா..."

"உப்பளமா?" என்றாள் பெரியம்மா.

மேலே இன்னொரு தாள் புரண்டது. "ஆமா பெரிம்மா, உப்பளம்" என்றாள் அக்கா.

அவ்வளவுதான், கூட்டம் அப்படியே கிறங்கிப்போயிற்று. வில்லன் எங்கள் தொழிலுக்கே வந்துவிட்டான். சிறகுக்காரன் பகலெல்லாம் அம்பாரங்களுக்கு ஓலை போட்டு மூடுகிறான். நாளைக்காரன் சக்கரத்தைத் திருப்பி முந்தின நாளுக்குப் போய், ஓலையை எல்லாம் உருவிக் கடலில் எறிந்துவிட்டு வருகிறான். மறுநாள் மழை. உப்பு கரைந்து ஓடுகிறது. உலகத்தை அடிமையாக்குவதெல்லாம் எங்கள் பெண்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஓலையை உருவினான் என்றதும்தான் வயிறு எரிந்து சாபம் விட்டார்கள். இப்படி ஒரு கதையை எங்கோ பட்டணத்தில் அச்சடிக்கிறார்களே என்று எனக்குத் துளியும் ஆச்சரியம் இல்லை. எல்லா ஊரிலும் உப்பளம் இருக்கும், லாரி வரும், ஓலை போடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டயரோடு திரும்பி வந்த பாயும் ஓரமாக நின்று கேட்டார். லோடு நிறைந்ததும் கதை நின்றது. மீதி அடுத்த நடைக்கு. புத்தகம் பாயின் சீட்டுக்கு அடியில் போயிற்று.

அதற்குப் பிறகு பாயின் லாரி வரும் நாள் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி கூடையைக் கொட்டும்போது கேட்ட துண்டை, கீழே இறங்கிப் போகையில் எதிரே வருகிறவளுக்குச் சொல்லிக்கொண்டே போவாள். வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் சிறகுக்காரனுக்குக் கல்யாணம் ஆகி, மாமியார் கொடுமையும் சேர்ந்திருக்கும். லோடு ஏற்றுவதைக் கவனிக்கும் மேஸ்திரி முதலில் காட்டுக்கத்தல் கத்தினார். வேலை கெடுகிறது என்றார். பிறகு பார்த்தால், விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று பெண்கள் வெறுங்கூடையோடு ஓடுகிறார்கள், லோடு முன்னைவிடச் சீக்கிரம் ஏறுகிறது. அப்புறம் அவரே லாரியைக் கண்டதும் அக்காவைத் தேட ஆரம்பித்தார். "இன்னாம்மா, இன்னிக்கு குடைய காணோம்?" என்பார்.

நாளைக்காரனை ஒழிப்பது எப்படி என்று பெண்கள் சோறு தின்னும்போதும் பேசிக்கொண்டார்கள். அதற்கு வழி சொன்னது பெரியம்மாதான்.

"இரும்பு ஆளுதானே? எங்கூட்டு இரும்பு வாளி ஒரு கோட தாங்கல, அடி கழண்டு வுழுந்துடுச்சு. அவன இங்கியே ரெண்டு நாளு புடிச்சு நிறுத்துனா போதும். உப்பு பாத்துக்கும்."

அக்கா சிரித்துக்கொண்டாள். ஆனால் அடுத்த நடையில், புத்தகத்திலும் அதேதான் எழுதியிருந்தது. சிறகுக்காரன் நாளைக்காரனைத் துரத்தி, கெட்டியான உப்புநீர் தேங்கி நிற்கும் பாத்தியில் தள்ளிவிட்டான். முதலில் முழங்கால் மடங்கவில்லை. பிறகு தோள் கிறீச்சிட்டது. நெற்றி விளக்கு மங்கியது.

"சக்கரத்த திருப்பறான். திருப்பறான், திரும்பல. நேத்துக்கும் போவ முடியல, நாளைக்கும் போவ முடியல. நம்மள மாதிரி இன்னிக்குலயே மாட்டிக்கினான்..."

அங்கே நிறுத்தினாள். பெண்கள் கூடையோடு அப்படியே நின்றார்கள்.

"மழ வருது" என்றாள் அக்கா.

"வரட்டும். வந்தா இன்னும் சீக்கிரம் துரு ஏறும்" என்றாள் பெரியம்மா, ரொம்பத் திருப்தியாக.

"கதயில இல்ல பெரிம்மா. கடலு பக்கம் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, வானம் வெள்ளையாகத்தான் இருந்தது. அக்கா குடையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கையை நீட்டினாள். கடலுக்கு மேலே கறுப்பாக ஒரு கோடு, அது நகர்கிறது என்றாள். அப்பா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, "ஓலய எடுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

கோடை மழை எங்களுக்கு என்ன என்பதை அளத்தில் இல்லாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. மாதக்கணக்கான உழைப்பு ஒரு மணி நேரத்தில் வாய்க்காலோடு போய்விடும். அன்று பாயும் மேஸ்திரியும்கூட ஓலை சுமந்தார்கள். கடைசி அம்பாரத்தின்மேல் கல் வைக்கும்போது முதல் துளி விழுந்தது. பக்கத்து அளங்களில் பாதி உப்பு கரைந்தது. எங்களுடையது நின்றது.

ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்த அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவின் தலையைத் துண்டால் அவரே துவட்டிவிட்டார்.

"இவ கண்ணு இருக்கே, நாலு வாட்ச்மேனுக்கு சமானம். இந்தக் கண்ணு அளத்துலதான் இருக்கணும்."

"நாலு பேருக்கு முன்னாடி படிச்சு காட்டிட்டாளே" என்றாள் அம்மா.

"காட்டினா. நான் இல்லேங்கல. ஆனா பள்ளிக்கூடத்துல குந்தி அவ இன்னா மழைய பாக்கப்போறா?"

சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார், அங்கேயும் இதைச் சொல்ல வேண்டுமே. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் உப்பைக் காப்பாற்றிய குற்றத்துக்கு அவளுக்குக் கிடைத்த தண்டனை அது. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அம்மா இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பாயின் புத்தகம். மழைக்கு ஓடும்போது அக்கா போட்டுவிட்டதை அம்மா எடுத்துச் செருகி வைத்திருந்தாள். ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுப்பின் சூட்டில் காட்டினாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. படம் பார்த்தாள். முதல் தாளில் வெள்ளை மேடுகளைப் பார்த்து, "நம்ம அளம் மாதிரியே கீது பாரு" என்று என்னிடம் காட்டினாள். இரண்டாம் தாளைப் பார்த்தாள். மூன்றாம் தாளில் அவள் கை நின்றது.

"ஏண்டி, உப்பளத்துல யாரு இத்தினி கம்பளிய போத்திக்கினு நிப்பாங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். காதுவரை கம்பளி போர்த்திய ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையாக மரங்கள்.

"உப்புல மரம் மொளைக்குமா? நீ படி."

எனக்கு அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து வைத்துப் படித்தேன். உப்பு என்ற சொல் எங்கேயும் வரவில்லை. ஓலை இல்லை, மழை இல்லை. பனிமலை என்று இருந்தது. அம்மா புத்தகத்தை மூடிவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். குரல் ஏறவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எட்டு வருசம் பள்ளிக்கூடத்துல இன்னாடி பண்ண? ஒனக்கு படிக்க தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்ப இதுல இருக்கறத ஏன் படிக்கல?"

"எழுத்து கலஞ்சு போவுதும்மா. உத்துப் பாத்தா நெத்தி வலிக்குது. படம் மட்டும் வெள்ளையா, மேடு மேடா தெரிஞ்சுது. உப்பளம்னுதான் நெனச்சேன்."

"இத்தினி நாளு ஏன் சொல்லல?"

"எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியும்னு நெனச்சேன்."

அம்மா புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தாள். அவள் என்ன யோசித்தாள் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் அக்கா நழுவிவிடுவாள், சின்னவளான நான்தான் கோப்பேன். அவள் அரிசி பார்த்த அன்று சோற்றில் கல் கடிபடும். என் தலையில் பேன் பார்க்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் சோம்பேறி என்று வசவு வாங்கியிருக்கிறாள். அம்மா புத்தகத்தைப் புரட்டி, படமே இல்லாமல் பெரிய பெரிய எழுத்தாக இருந்த ஒரு தாளைத் தேடினாள். படம் இருந்தால் இவள் கதை கட்டிவிடுவாள் என்று எச்சரிக்கை. பிறகு எழுந்து வாசலைத் தாண்டி, பூவரச மரத்தடி வரைக்கும் போய் நின்று, இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்துக் காட்டினாள். மழை விட்டு மஞ்சள் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.

"படி."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தலகீழா புடிச்சிருக்கம்மா" என்றாள்.

அம்மா புத்தகத்தைத் திருப்பினாள்.

"அடுத்த மாதம்... மீண்டும் வருகிறான்" என்று அக்கா தடங்கலில்லாமல் படித்தாள்.

அம்மா ஓரடி முன்னால் வந்தாள். அக்கா படித்தாள். இன்னும் வந்தாள். படித்தாள். வாசற்படிக்கு வந்தபோது அக்கா கண்ணைச் சுருக்கினாள். கையெட்டும் தூரத்துக்கு வந்தபோது, தெரியவில்லை என்று தலையசைத்தாள். அம்மா புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் சேர்ந்து அழுதேன், எதற்கென்று முழுதாகத் தெரியாமலே.

அப்பாவிடம் அம்மா விளக்கமெல்லாம் சொல்லவில்லை. பாண்டிக்குப் போய்வருகிறேன் என்று சொல்லி எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, தூரப் பார்வை, பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும் என்றார். கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அக்கா பஸ் டிக்கெட்டைப் படித்தாள். சீட்டுக்குப் பின்னால் கிறுக்கியிருந்த பெயர்களைப் படித்தாள். பொம்மையார்பாளையம் தாண்டியதும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி?"

"ஒன் மூக்குத்தியில கல்லு இருக்குதாம்மா? நான் வெறும் பொட்டுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கண்டதும் முகம் கடுத்துவிட்டது. கெட்டிக் கண்ணாடி, பழுப்பு பிரேம், அக்காவின் கண்கள் அதற்குள் மாட்டுக்கண் போலப் பெரிதாகத் தெரிந்தன.

"வெள்ளெழுத்து வந்த கெழவியா இவ? இத மாட்டிக்கினு நின்னா எவன் பொண்ணு கேட்டு வருவான்? கழட்டுடி."

அக்கா கழற்றிக் கொடுத்தாள். எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று காட்டுவதற்காக அப்பா அதைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். நான் சிரித்தே விட்டேன். அவரும் சிரித்தார். கழற்றுவதற்காகக் கையைத் தூக்கியவர், முகத்துக்கு நேரே வந்த தன் கையைப் பார்த்து நின்றுவிட்டார்.

அப்பாவுக்கு அப்போதே வயது ஏறத் தொடங்கியிருந்தது. கிட்டப் பொருள் மங்கி எத்தனை காலம் ஆயிற்றோ, அவரும் சொன்னதில்லை. உள்ளங்கையை முகத்துக்கு அருகே வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பாளம் பாளமாக வெடிப்பு. வெடிப்புக்குள் உப்பு ஏறி வெள்ளைக் கோடாக உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஏய், கைய காட்டு" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அவளுடையதும் அப்படித்தான் இருந்தது, விரல் இடுக்குகளில் புண். பிறகு அக்காவைப் பார்த்து, "நீ வா" என்றார்.

அக்காவின் உள்ளங்கையில் வெடிப்பு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மெல்லிசாக, நூல் மாதிரி. அப்பா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, அவரே அவள் காதில் மாட்டிவிட்டார்.

"பள்ளிக்கூடம் என்னிக்கு தொறக்கறாங்களாம்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் பாயின் லாரி இன்னொரு முறை வந்தது. அம்மா அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மழையில் நனைந்து, அடுப்பில் காய்ந்து, அப்பளம் மாதிரி நெளிந்து போயிருந்தது. பாய் அதை வாங்காமல் அக்காவிடமே கொடுத்தார்.

"எனக்கு மொத நாளே தெரியும்மா, நீ புக்குல இருக்கறத படிக்கலன்னு. நான்தான் மெட்ராஸ்லயே படிச்சு முடிச்சிட்டனே. சொல்லலாம்னு வாய தொறப்பேன். அப்புறம் நாளைக்காரன் இன்னா ஆவானோன்னு நானே கேக்க குந்திடுவேன்."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேபின்மேல் ஏறினாள். பெண்கள் கண்ணாடியைப் பற்றி இரண்டு நிமிடம் கிண்டல் செய்துவிட்டு, கதை கேட்கத் தயாரானார்கள். நான் லாரிக்கு அடியில் இருந்தேன். அக்கா படிக்க ஆரம்பித்தாள். இந்த முறை நிஜமாகவே படித்தாள், ஓர் எழுத்து விடாமல், திக்காமல். பனிமலை, பனிப்புயல், பனிச்சறுக்கு வண்டி. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு பக்கம் முடிவதற்குள் கூடைகள் தரைக்கு வந்துவிட்டன.

"இன்னாடி இது, பனியாம், சறுக்காம்" என்றாள் பெரியம்மா. "நம்ம அளத்துல வுழுந்தானே, அவன் இன்னா ஆனான்? அத சொல்லு."

"அது புக்குல இல்ல பெரிம்மா."

"புக்க யாரு கேட்டா?"

கேபின் படியில் அக்காவின் கால்கள் இறங்கின, பிறகு லாரியின் பக்கவாட்டில் ஒரு கை நீண்டது. கையில் கண்ணாடி.

"இத பத்திரமா வச்சுக்க. ஒடச்சுடாத" என்றாள் அக்கா.

இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மறுபடி ஏறியதும் தலைக்கு மேலே தாள் புரண்டது, வெறும் பேருக்குத்தான்.

"நாளைக்காரன் பாத்தியிலியே கெடக்கறான்" என்று தொடங்கினாள் அக்கா. "துரு ஏறி கண்ணு அவிஞ்சு போச்சு. சிறகுக்காரன் குனிஞ்சு அவன் காதுல கேக்கறான், நாளைக்கு இன்னா நடக்கும், நீதான் பாத்துட்டு வந்தவனாச்சே, சொல்லு. நாளைக்காரன் சொல்றான், நாளைக்கு இங்க ஒரு பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு போவுது. நான் எத்தினி வாட்டி நேத்துக்கு போயி தடுத்தாலும், அது போவுது."